சித்திரை வெயிலில் ஹீட்டர்

"ஏனுங்க, சித்திரை வெயில்ல வண்டிக்குள்ள ஹீட்டர் போடுவாங்களா?" பல்லடம் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த அம்மா தன் கணவரைக் கேட்டார்.

"ஜெனரேட்டரைக் கட்டி இழுத்துட்டு மேடு ஏறுறப்ப பிக்கப் வண்டி கொதிச்சுருச்சு அம்மணி. ஹீட்டரைப் போட்டா எஞ்சின் சூடு கொஞ்சம் நம்ம பக்கம் வந்துரும்."

"அப்பறம் எதுக்கு ஹீட்டரை நிறுத்துனீங்க?"

"நீ மயங்கிச் சாஞ்சுட்டியே. அதை நிறுத்திட்டு, எங்கயும் நிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓட்டுனேன்."

"அதுலதான் எஞ்சினே போச்சு. வண்டி உங்க அண்ணனோடதாச்சே, அவருகிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த மறந்துட்டேன்னேன்."



"திட்டுனாருங்களா?"

"நல்லாத் திட்டுனாரு. உன்னப் பத்தி நாஞ் சொல்லவே இல்லை. திட்டி முடிச்சுட்டு, 'அந்தப் புள்ளைக்கு இப்பத் தேவலையா'ன்னு கேட்டாரு."