யானைக் காதுக்குப் பலாவிலை

ஆரல்வாய்மொழி டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். காலடியில் ஒரு பெரிய கட்டுப் பலாவிலை. அவர்கள் பேசிய டிராயிங் சாரும், பேச்சுக்குக் காரணமான ஆடும் அங்கே இல்லை.

"எனக்க ஆடு யானைக்க ரெண்டு காதையும் தின்னுட்டுது மக்கா," என்றாள் மூத்தவள்.

"எந்த யானை அக்கா?"

"பள்ளிக்கூடத்துல சாரு செஞ்சதுட்டி. பனைநாருல உடம்பு, தேங்காச் சிரட்டையில கண்ணு, பலாவிலையில காது. இன்னைக்குக் கண்காட்சி."

"நான் படிக்கும்பமே அப்பிடித்தான். கீழ விழுந்து கெடக்கதத்தான் எடுப்பாரு. கடையில ஒண்ணும் வாங்க மாட்டாரு. ஆனா அவரு செஞ்ச கொக்கு இப்பப் பறந்துரும்னு இருக்கும். ஏசினாராக்கா?"

"ஏசினா பரவாயில்ல, சிரிக்காரு! 'எனக்க வேலைய இவ்வளவு ருசிச்சுப் பாத்தது உங்க ஆடுதான்'னு சொல்லுகாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. ஆளு வரதுக்குள்ள காது வைக்கணும்."

"ரெண்டு காதுக்கு இவ்வளவு எலையா?"

"நல்லதாப் பாத்து அவரு எடுக்கட்டும். மிச்சம் ஆட்டுக்கு."

"அந்த ஆட்டுக்கா? நல்ல தண்டனைதான்!"

கண்டக்டர் வந்தார். "பொம்பளையளுக்கு டிக்கெட் இல்ல. எலைக்கு லக்கேஜ் உண்டு."

"சாருக்க யானைக்காக்கும் அண்ணே."

"அந்த சாருக்கா? எனக்க மவளும் அவருகிட்டதான் படிக்கா," என்று சிரித்தவர், லக்கேஜ் டிக்கெட்டையும் நீட்டினார்.

இரண்டு காதுக்கும் சேர்த்துப் பத்து ரூபாய்.