ராஜகோபாலன் கேட்கச் சொன்ன கேள்வி

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சிறைத்துறை அதிகாரி அவர்களே, மறைந்த ராஜகோபாலன் அவர்களின் குடும்பத்தாரே, தாம்பரத்து நண்பர்களே, வணக்கம்.

முன்னால் பேசியவர்கள் என்னை ராஜகோபாலனின் வலக்கரம் என்றார்கள். தவறு. சிறை நல அலுவலராயிருந்த அவரிடம் மாதந்தோறும் திட்டு வாங்கிய, சனிக்கிழமைகளில் கைதிகளைப் பார்த்துப் பேசிவரும் பார்வையாளர் நான். வாங்க வேண்டியவளாகவும் இருந்தேன்.

1966இல் பம்மல் தோல் தொழிலாளி பொன்னுரங்கம் விசாரணைக் கைதியாக வந்தான். பத்து நாள் வாய் திறக்காதவன், ஒரு சனிக்கிழமை சிரித்த முகத்தோடு இருந்தான். தன் கம்பளியைப் பக்கத்துக் கைதிக்குக் கொடுத்துவிட்டான். "எனக்கு இன்னாத்துக்கும்மா? அவன் போத்திக்கட்டும்" என்றான். மனம் திரும்பிவிட்டான் என்று மகிழ்ந்தேன். இருப்பதைக் கொடுப்பவன் நல்லவன் என்றுதானே கன்னியர் மடத்துப் பள்ளியில் எனக்குச் சொல்லித் தந்தார்கள்? கம்பளி கொடுத்ததையும், கீழே "நன்னடத்தை" என்றும் சிறையின் பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டு ரயிலேறினேன். மறுநாள் அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

திங்களன்று ராஜகோபாலன் அந்தப் பக்கத்தை என் முன் விரித்தார்.

"கம்பளியைக் குடுத்தான்னு எழுதியிருக்கேள். ஏன் குடுத்தேன்னு கேட்டேளா?"

கேட்டேனா? கேட்கவில்லை.

அதன்பிறகுதான் அவர் அந்த ஒற்றைத் தாளைத் தயாரித்தார். தூங்கினாயா, சாப்பிட்டாயா, உன்னைப் பார்க்க யார் வருவார்கள், உன் பொருளை யாருக்காவது கொடுத்தாயா. கடைசியில், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா. வருகிற ஒவ்வொருவரிடமும், வந்த அன்றே, தனியாக உட்கார்த்திக் கேட்க வேண்டும் என்றார். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று அலுவலகத்தில் பயந்தார்கள். இந்த ஏழு வருடமும் நாங்கள் கேட்டோம். எண்ணம் ஊட்டப்பட்டவரை நான் பார்க்கவில்லை. கேட்க ஒருவர் வந்தாரே என்று அழுதவர்களைப் பார்த்தேன்.

இன்றும் சேர்க்கைப் படிவத்தில் மச்சத்துக்கும் தழும்புக்கும் இடம் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு இல்லை! அதைச் சேர்க்கும்படி அவர் சிறைத்துறைக்குப் பதினொரு முறை எழுதினார். "பார்க்கலாம் சார்" என்று வாயால் சொன்னார்கள். அவர் படத்துக்கு மாலை போட மட்டும் இன்று நேரம் கிடைத்திருக்கிறது.

வரும் சனிக்கிழமையும் நான் அந்தத் தாளோடு போவேன்; கால் நடக்கும்வரை போவேன். ஆனால் நான் போகாத நாளில் வருகிறவனிடம் யார் கேட்பார்கள்?

அதிகாரி அவர்களே, அவருடைய பன்னிரண்டாவது கடிதம் இதோ. கையெழுத்து என்னுடையது. படிவத்தில் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா? தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.