வாய்க்கால் கட்டில் ஆறு பேர்

வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவனுக்குக் கோபம் ஆகாது, மகள். கட்டைபறிச்சான் பக்கம் பதினொரு வருடம் நான் வட்டவிதானை. எந்த வாய்க்காலை எப்போது திறப்பது என்று சொல்வது என் வேலை. ஒருவரோடும் சண்டை பிடித்ததில்லை. போரில் செத்தவர்களின் பெயர்களை நீங்கள் பதிவதாகச் சொன்னார்கள். என்னிடம் ஆறு பெயர் இருக்கிறது. எப்படிச் செத்தார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்பத்தெட்டில் கடல் கடந்து வந்த படை எங்கள் நெல்லுக் களஞ்சியத்தில் முகாம் போட்டிருந்தது. என் மகன் இராகுலனுக்குப் பத்தொன்பது வயது. வயலில் வைத்துப் பிடித்து, முகாம் வாசலில் முழங்காலில் இருத்தினார்கள். நான் முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அதிகாரியின் கேள்விகளைத் தமிழில் சொன்னவர் பாக்கியரத்தினம். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்தவர். ஆங்கிலம் தெரியும் என்பதால் அவரைப் படை பிடித்து வைத்திருந்தது.

“தண்ணி பார்க்கப் போனனான்,” என்றான் மகன்.

மூன்றே சொல். அதை ஆங்கிலத்தில் சொல்லப் பாக்கியரத்தினம் வெகுநேரம் எடுத்தார். இடையில் என்னையும் கை நீட்டிக் காட்டினார். அதிகாரி அவரைப் பார்த்துக் கத்திவிட்டு மகனை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். மறுநாள் உடலைத் தந்தார்கள். விரல்களில் நகம் இருக்கவில்லை.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. மூன்று சொல்லுக்கு அவ்வளவு ஆங்கிலம் எதற்கு என்று யோசிக்கத் தெரியும்.

அடுத்த மாதம் இயக்கத்துச் சசிகரன் வந்தான். ரோந்து எந்தப் பாதையால் வரும் என்று கேட்டான். நாங்கள் விரும்பும் பாதையால் வரச்செய்யலாம் என்றேன். கீழ்ப்பாதைக்கு மேலே வரம்பை வெட்டிவிட்டேன். அது சேறானதும் வாய்க்கால் கட்டு ஒன்றுதான் மிஞ்சியது. அதில் வெடி புதைத்து, அமத்தி வெடிக்கவைக்கும் வயரைப் பற்றைக்குள் இழுத்தார்கள்.

படை ஊர்ச்சனத்தை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வருவது வழக்கம். சசிகரன் ஒளிந்திருந்த பற்றையிலிருந்து பார்த்தால் கட்டுத் தெரியாது. வயலில் நிற்கும் நான் மட்டும் தெரிவேன்.

“ஆமி தனிய வந்தா மண்வெட்டியைத் தூக்குங்கோ, அண்ணே. சனம் முன்னுக்கு வந்தாத் தூக்காதேங்கோ. நான் அமத்த மாட்டன்.”

“சரி தம்பி.”

காலை ஏழு மணிக்கு வந்தார்கள். முதலில் பாக்கியரத்தினம். ஒரு மாதமாகவே அவர் முன்னால் நடந்துகொண்டிருந்தார். வழிகாட்டிப் போகிறார் என்று விளங்கிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் என் ஒன்றுவிட்ட தம்பி இரத்தினசிங்கம், அவன் மனைவி, மூதூரிலிருந்து மாடு வாங்க வந்த ஹிஸ்புல்லா, அவருடைய தம்பி நௌபர். கடைசியாக லக்சனா, பன்னிரண்டு வயது, புத்தகப் பையோடு. சிப்பாய்கள் நாற்பது அடி தள்ளி வந்தார்கள். வெடித்தால் யார் மிஞ்சுவார்கள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பாக்கியரத்தினம் என்னைக் கண்டு தலையசைத்தார். நான் மண்வெட்டியைத் தூக்கினேன்.

சிப்பாய்களில் ஒருவனுக்குக் கையில் காயம். அவ்வளவுதான். அன்று மத்தியானம், மகன் போன பிறகு முதல்தடவையாக, வயிறாரச் சாப்பிட்டேன்.

சசிகரன் வந்து என் முன்னால் நின்றான். “சனம் வந்திருக்குதே, அண்ணே.”

“பனிப்புகாருக்குள்ள தெரியேல்ல, தம்பி.”

அன்று புகார் இருக்கவில்லை. அது அவனுக்கும் தெரியும்; ஆனாலும் என்னை நம்பினான்.

செத்த வீட்டில் பாக்கியரத்தினத்தின் மனைவி புஷ்பவதி என் கையைப் பிடித்துக்கொண்டா. “உங்கட மகனுக்காகக் கதைச்சவர், அண்ணே. தகப்பன் வாசலில நிக்கிறார், விடுங்கோ எண்டு கெஞ்சினவர். அந்தக் கோபத்திலதான் இவரையும் முன்னுக்கு நடக்க விட்டவங்கள்.”

துக்கத்தில் இருக்கிறவர்கள் எதையும் சொல்வார்கள். ஓம் தங்கச்சி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவ சொன்னதை நீங்கள் எழுத வேண்டாம். மற்றதெல்லாம் எழுதுங்கள். சனத்தைக் கண்டேன், கண்டுதான் தூக்கினேன். ஆனால் பாக்கியரத்தினத்தின் பெயருக்குப் பக்கத்தில் துரோகி என்று போடுங்கள், மகள். அதைப் போடாவிட்டால், மற்ற ஐந்து பேரையும் நான் சும்மா கொன்றதாகிவிடும்.