ரஸ்க்குக்கு ஊட்டியது

எங்கள் பேக்கரி பன்னில் உலர் திராட்சை எப்போதும் தாராளமாகவே இருக்கும், டாக்டர். அதில் கை வைத்தால் வாடிக்கையாளர்கள் சும்மா விடமாட்டார்கள்.

முதல் தடவை சத்தியமாகத் தெரியாமல் நடந்தது. மகள் வெளியூர் வேலைக்குக் கிளம்ப இருந்த காலை. அவள் அம்மா தவறிய பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அப்புறம் நாய் ரஸ்க். அவள் பெட்டி அடுக்குவதைப் பார்க்க மனம் வராமல் சமையலறையில் உட்கார்ந்து, என் பன்னில் பாதியை ரஸ்க்குக்குப் பிய்த்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அது வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தது. மகள் போட்டது போட்டபடி அதைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் ஓடி வந்தாள், நானும் பின்னாலேயே வந்தேன்.

நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். கேரட் கொடுக்கலாம், விதை எடுத்த ஆப்பிள் கொடுக்கலாம், உப்புக் காரம் இல்லாமல் வேகவைத்த கோழியை எலும்பு நீக்கிக் கொடுக்கலாம். வெங்காயம், சாக்லேட் ஆகாது. "திராட்சை கூடவே கூடாது. ஒரு நாய்க்கு ஒண்ணுமே ஆகாது, இன்னொண்ணுக்குக் கொஞ்சமே கிட்னிய முடிச்சிடும்" என்றீர்கள். மகளைவிட நான்தான் கவனமாகக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள், "இத இப்படி விட்டுட்டு நான் எங்கப்பா போறது? அடுத்த மாசம் சேர்ந்துக்கறேன்னு சொல்லிட்டேன்" என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அடுத்த மாதம் பெட்டியை மறுபடி இறக்கினாள். நான் மாவையும் சர்க்கரையையும் தராசு இல்லாமல் கையாலேயே அளக்கிறவன். கொஞ்சம் போட்டால் வாந்தியோடு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். வேகவைத்த கோழிக்குள் திராட்சையைப் பொதிந்து நீட்டினேன். ரஸ்க் என் விரலையும் சேர்த்து நக்கியது. அந்தத் தடவை கணக்குத் தப்பவில்லை. அதற்கடுத்த தடவை தப்பிவிட்டது.

சிறுநீர் போகாமல் அது உங்கள் மேசையில் கிடந்தபோது, "என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டீர்கள். "கேரட்" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருப்பீர்கள். மகளும் போயிருப்பாள்.

ரஸ்க்கைக் கொன்றது நான்தான். சோறு இறங்கவில்லை, அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளோ, "நீங்க எவ்ளோ பார்த்துப் பார்த்து ஊட்டினீங்கப்பா" என்று என்னைத் தேற்றுகிறாள்.

அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அப்புறம், வெளியே கூடையில் ஒரு குட்டி வைத்திருக்கிறேன், தடுப்பூசி போட வேண்டும். மகள் திங்கட்கிழமை கிளம்புவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.