கேமரா பார்த்த சப்பாத்தி

சாரா: சிரிக்காம சொல்லுங்க இன்பா அண்ணா. கேமரா எதை ரிஜெக்ட் பண்ணுச்சு?

இன்பசேகரன்: என் சப்பாத்திய. மேல வெள்ளையா மாவு ஒட்டியிருந்துச்சு.

சாரா: ஷூ தோலுல ஓட்டை இருக்கான்னு பாக்கற கேமராக்குக் கீழ சப்பாத்திய எதுக்கு வெச்சீங்க?

இன்பசேகரன்: சும்மா ஒரு டெஸ்ட்டு... அத வுடு. இந்தத் தோலைப் பாரு, பேரணாம்பட்டு சரக்கு. கத்தி பட்ட ஓட்டை, வெரலே உள்ள போவுது. வெக்கறேன்...

சாரா: ஐயோ, பச்சை லைட்டு! நல்ல தோலுன்னு பாஸ் பண்ணிடுச்சே!

இன்பசேகரன்: இரு. இது நல்ல தோலு. சாக்பீஸால சும்மா ஒரு வட்டம் போடறேன்...

சாரா: செவப்பு! அப்போ... அது ஓட்டையப் பாக்கல. சாக்பீஸப் பாக்குது.

இன்பசேகரன்: ஓட்டையக் கண்டா வட்டம் போடாம என் கை சும்மா இருக்காதும்மா. அதுக்கப்புறம்தான் கேமராக்குக் கத்துக் குடுக்க நீ போட்டோ புடிச்சே.

சாரா: அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

இன்பசேகரன்: நீ கேட்டிருக்கலாம்ல?

சாரா: ...ஆனா நேத்து டெமோல மொதலாளி முன்னாடி ஒண்ணு கூட தப்பலியே! அந்த குஷிலதானே, இனிமே கேமராவே பாத்துக்கட்டும்னு உங்களை பேக்கிங்குக்கு மாத்திட்டாரு?

இன்பசேகரன்: அது வந்து...

சாரா: இன்னா வந்து?

இன்பசேகரன்: கேமரா சாக்பீஸப் பாக்குதுன்னு சப்பாத்தி வெச்ச அன்னிக்கே தெரியும். நேத்து நீ நடுங்கினதப் பாத்தா பாவமா இருந்துச்சு. டெமோ தோலுல ஓட்டை இருந்த எடமெல்லாம் வட்டம் போட்டுட்டேன்.

சாரா: மொதலாளி கவனிக்கலியா?

இன்பசேகரன்: இங்க வட்டம் இல்லாத தோலை அவரு எங்க பாத்தாரு? சாக்பீஸ் தீந்துபோச்சேன்னு பேஜாரா இருந்தேன்... நல்லவேளை, டேபிள் மேல ஒரு புது சாக்பீஸ் டப்பா இருந்துச்சு.

சாரா: உங்க வேலைக்கு நீங்களே உலை வெச்சிக்கிட்டீங்களே அண்ணா!

இன்பசேகரன்: என் வேலை கெடக்கட்டும். திங்கக்கிழமைலேர்ந்து கேமரா மட்டும் பாத்தா, ஓட்டைத் தோலெல்லாம் ஷூவாகி வெளிநாட்டுக்குக் கெளம்பிடும். மழையில எவன் காலோ நனையும். மொதலாளிகிட்ட சொல்லிடலாம் வா.

சாரா: எப்படிச் சொல்றது?

இன்பசேகரன்: ஏமாத்தினது நான்னு சொல்றேன். உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ என் கையக் கட்டிப் போட்டுட்டு மொதல்லேர்ந்து போட்டோ புடி.

சாரா: அப்படிச் சொல்லாதீங்க அண்ணா.

இன்பசேகரன்: ஏன்? உண்மைதானே?

சாரா: கேமரா எடுக்கற படமெல்லாம் என் கம்ப்யூட்டருக்குத்தான் வரும்... உங்க சப்பாத்தியும் வந்துச்சு. அப்பவே எனக்கும் புரிஞ்சுபோச்சு. அந்தப் புது டப்பாவ அங்க யாரு வெச்சாங்கன்னு நெனச்சீங்க?