ஒன்றரை டன்

வாசுதேவன்: டேப்போட அந்த முனையைப் பிடி, பார்கவி. சுவத்தோட ஒட்டி... ம். பதினாலு. இந்தப் பக்கம் பதினொண்ணு. நூத்தி அம்பத்திநாலு சதுர அடி. ஒரு டன் ஏசி தாராளம்.

பார்கவி: ஒன்றரை டன்னா வாங்கிடேன்ப்பா.

வாசுதேவன்: எதுக்கு?

பார்கவி: கடைசி மாடி. மேல டெரஸ் காயறதே...

வாசுதேவன்: போன மாசம்தான் சுண்ணாம்பு அடிச்சேன். ரெண்டு கோட்.

கோதை: நீ விமான் நகர்ல உங்காத்துலேந்து வந்து பார்த்திருக்கணும்டி. டெரஸைவிட உங்கப்பாதான் வெள்ளையா இறங்கி வந்தார். சரி, வந்ததுலேந்து தோள் பையைக்கூட கழட்டலையே நீ. காபி?

பார்கவி: அப்புறம்மா. அப்பா, மேற்கு ஜன்னல் இருக்கே?

வாசுதேவன்: தடிமனா திரை போட்டாச்சு. உங்கம்மா போத்திண்டிருந்த பழைய பஞ்சு ரஜாய்.

பார்கவி: பெரிசா இருந்தா சீக்கிரம் குளுந்துடுமே...

வாசுதேவன்: அங்கதான் எல்லாரும் தப்பு பண்றா. சட்டுனு குளுந்து நின்னுடும். மறுபடி ஓடும், மறுபடி நிக்கும். மழைக்காலத்துல ரூம் ஜில்லுனு இருக்கும், ஈரம் மட்டும் போகாது. படுக்கை நமத்த அப்பளமாட்டம் ஆயிடும்.

கோதை: ரஜாயும் அப்பளமும்... நன்னாயிருக்கு.

பார்கவி: கம்ப்யூட்டரும் சூடு பண்ணுமே?

வாசுதேவன்: அது ஹால்ல இருக்கு.

பார்கவி: இங்க கொண்டு வந்தா?

வாசுதேவன்: யாருக்கு? நான் ஒரு லெட்டர் டைப் அடிக்கவே அரை நாள் ஆறது.

பார்கவி: ஆபீஸ்ல ஃபைலைத் திருப்பி அனுப்பறாப்பலயே பண்றேப்பா.

வாசுதேவன்: ஒரு கட்டம் காலியா இருந்தாலும் திருப்பத்தான் செய்வேன். இதோ, ஏசி கடைக்கார காம்ப்ளே குடுத்த காகிதம். 'ரூம்ல படுக்கறவா எத்தனை பேர்?' காலியா இருக்கு.

பார்கவி: நீயே எழுதிடேன்...

வாசுதேவன்: ரெண்டுன்னு போட்டுடட்டுமா?

பார்கவி: காபியைக் குடிச்சுட்டு எழுதிக்கலாமேப்பா...

கோதை: ஏன்னா, போறுமே...

வாசுதேவன்: நீ இரு கோதை. ரெண்டா?

பார்கவி: இல்லைப்பா. நாலு.

வாசுதேவன்: பையனுக்கு லீவு விட்டிருக்கே, அதுக்கா?

பார்கவி: லீவுக்கு இல்லை. நானும் ஷ்ரேயஸும்... இங்கேயே வந்துடறோம். அவர் விமான் நகர்லயே இருந்துப்பார். ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்... நாலு மாசமா...

வாசுதேவன்: ம். நாலு பேர்னா ஒன்றரை டன் சரி.

பார்கவி: அவ்வளவுதானா? ஏன், என்னன்னு ஒண்ணும் கேக்க மாட்டியா?

கோதை: கேக்கறதா இருந்தா திங்கட்கிழமையே கேட்டிருப்பார். ஷ்ரேயஸ் அட்மிஷன் ஃபாரத்துல இந்த ஔந்த் வீட்டு அட்ரஸும் இந்த ஃபோன் நம்பரும் எழுதிக் குடுத்திருக்கே. ஸ்கூல்லேந்து இங்கதானே கூப்பிட்டா?

பார்கவி: அப்போ... ரெண்டு பேருக்கும் தெரியுமா? பின்ன எதுக்குப்பா இந்த டேப்பு, ரஜாய், அப்பளமெல்லாம்?

வாசுதேவன்: நீ சொன்ன காரணம் எதுவும் ஒன்றரைக்குப் பத்தலையேம்மா. காம்ப்ளே நாளைக்குக் காலம்பற ஒன்றரை டன்னே கொண்டு வரான், செவ்வாக்கிழமையே சொல்லியாச்சு. ஷ்ரேயஸை மட்டும் அந்த மூலையில படுக்க வை, அவனுக்கு நேர் காத்து ஆகாது.