இரண்டு ரப்பர் வளையங்கள்

உங்கள் அறையின் ஏசியில் சத்தம் மட்டும்தான் வருகிறது, ஐயா. வடிகட்டியைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள், பாதி சரியாகிவிடும். நம் மரக்காய்போ ஊர் வெயிலில் ஏசி இல்லாமல் யாரையும் விசாரிக்க முடியாது. பதில் சொல்கிறவனுக்கு முன்னால் கேள்வி கேட்கிறவர் களைத்துப்போவார்.

கார்களுக்கு ஏசி போடுவதுதான் என் தொழில். பக்கத்து வீட்டு எவுடோவின் சிவப்புக் காருக்கும் நான்தான் போட்டேன். இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அவனுடைய அப்பா விட்டுப்போனது. அதுவரை அதில் ஏசி இல்லை என்பதே அவனுக்குப் பெருமை. யாராவது போடலாமே என்றால், "எங்கப்பா முகத்துல ஆணி அடிக்கச் சொல்றியா?" என்பான்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

பெரிய மின்வெட்டு வந்த வருஷம் என் மனைவி இஸ்பெலியாவுக்கு நுரையீரல் கெட்டிருந்தது. மூச்சுக்கு உதவும் இயந்திரம் ஒன்று கட்டிலோரம் ஓடும். கரண்ட் போனதும் அது நின்றது. கார் பாட்டரியில் ஓட்டினேன். மறுநாள் அதுவும் செத்தது. எவுடோ வீட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மதில்மேல் ஒரு வயர் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

"மச்சான், உனக்கு ஒரு வயர் விட்டா தெருவே வயரைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கும். ஃப்ரீசர் நிறைய மீன் கிடக்கு. கரண்ட் இப்ப வந்துரும்யா" என்றான்.

வரவில்லை. எதிர்வீட்டு டெல்ஃபினா அக்கா, தானே ஆஸ்துமாக்காரி, ஓர் அட்டைப்பெட்டியின் மூடியால் இஸ்பெலியாவுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். இந்தக் கை வலித்தால் அந்தக் கை. மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் விசிறினாள். அதை நான் மறக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

துக்கத்துக்கு எவுடோ ஒரு வாளி ஐஸ் கொண்டுவந்தான். வந்தவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கலாமே என்றான். நான் நன்றி சொன்னேன்.

அடுத்த வருஷம் அவனுடைய ஜெனரேட்டர் எரிந்துபோனது. உதிரிபாகம் ஊரில் எங்கும் இல்லை. கரண்ட் போனால் இங்கே எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்ய நினைத்தான். காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே தூங்குவது. அவனிடம் இருந்தது அந்த ஒரு கார்தான். "அப்பா மன்னிச்சுக்குவாரு. நீ போட்டுக் குடு மச்சான்" என்று வந்து நின்றான்.

டாஷ்போர்டில் ஒரு கீறல் விழாமல், அதற்கு அடியில் கண்ணில் படாதபடி பொருத்தினேன். இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வரும் குழாய்களுக்குத் தடுப்புத் தகட்டில் இரண்டு துளைகள் போடவேண்டும். புகை நுழையாமல் இருக்க அவற்றை ரப்பர் வளையம் வைத்து அடைப்பது வழக்கம். புகைபோக்கிக் குழாயில் ஒரு பழைய விரிசல் இருந்ததையும் பார்த்தேன். விரிசலைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. வளையங்கள் என் சட்டைப்பையில் வீட்டுக்கு வந்தன. எங்கள் ஊரைக் காக்கும் சினிதா மாதாவின் படத்துக்கு முன்னால் வைத்தேன். மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம் பார்ப்பேன்.

"கண்ணாடியை முழுசா ஏத்திக்க. இல்லேன்னா குளிர் தங்காது" என்று மட்டும் அவனிடம் சொன்னேன். எந்த மெக்கானிக்கும் சொல்வதுதான்.

வயர் கொடுக்காதவனுக்கே ஏசி போட்டுக் கொடுத்தானே என்று தெருவில் என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார்கள். பங்குத் தந்தை பெயர் சொல்லாமல் என்னைப் பிரசங்கத்தில் சேர்த்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் டெல்ஃபினா அக்கா என் கன்னத்தைத் தட்டி, "இஸ்பெலியா பார்த்துக்கிட்டுத்தாண்டா இருப்பா" என்றாள்.

அப்புறம் அந்த மத்தியானம். கரண்ட் போனது. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எவுடோவின் கம்பிக்கதவுக்குள் கார் உறுமி, நிதானத்துக்கு வந்தது. ஏசி பிடித்துக்கொள்ளும் சத்தமும் கேட்டது. நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டேன். சற்றைக்கெல்லாம் எவுடோ, சட்டையெல்லாம் வியர்வையாக, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான்.

"நீ கார்ல இல்லையா?" என்றேன்.

"டெல்ஃபினா அக்காவுக்கு இழுப்பு. உள்ள படுத்துக்கங்கன்னு விட்டுட்டு வந்தேன்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அன்னைக்கு ஒரு வயர்தானே மச்சான் கேட்டே. அந்த மீனை நான் வாயிலயே வைக்கல. என்னை மன்னிச்சிரு."

அவன் அழுதான். கார்க் கதவைத் திற என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பான், அது ஒன்று. இன்னொன்றும் தோன்றியது. கொடுக்காததால் ஒருத்தி செத்ததை அவன் தாங்கிக்கொண்டான். கொடுத்ததால் ஒருத்தி செத்தால் தாங்கமாட்டான். அவனே அதற்குள் படுத்திருந்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாமலே போயிருக்கும்.

காபி போட்டுக் கொடுத்தேன். காரின் கண்ணாடி வெளிப்பக்கம் பனித்து வெள்ளையாகியிருந்தது.

"அக்கா நல்லாத் தூங்குது போல" என்றான்.

தூங்கட்டும் என்றேன்.

சாயங்காலம் அவன்தான் போய்த் திறந்தான். அவள் மடியில் அந்த அட்டை மூடி இருந்தது.

வளையங்கள் மாதாவின் படத்துக்கு முன்னால்தான் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழிவாங்கினேன் என்று எழுதாதீர்கள், ஐயா. அது சரியல்ல. காபி குடித்ததும் அவன் எழுந்தான், அக்காவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. நான் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்து, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். பொழுது சாயும்வரை அந்தக் கையை நான் விடவே இல்லை.